கன்னிக்காலில் வெட்டிய மீன்

ஏரம்பு செய்கிற மர மீன் தாழாது. கயிறு அறுந்து கடலில் போனாலும் எங்காவது ஒரு கரைக்கு வந்து சேர்ந்துவிடும். ஆள் வராவிட்டாலும் மீன் வரும். எங்கள் கரைப் பெண்கள் சிலர் அவன் வேலிப் படலையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போனது அதனால்தான். அவனில் குற்றமில்லை, அந்த மீனில்தான் பயம்.

முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யார் யாரென்று விளங்காது. ஏரம்பு என் சின்னையாவின் மூத்த மகன். எனக்கு நாலு வயது இளையவன். அவன் பிறந்த வீட்டுக்கும் நான் பிறந்த வீட்டுக்கும் நடுவே ஒரு கிளுவை வேலிதான். பதினேழு வயதில் திருக்கை முள் ஏறி இடது கால் வீங்கி, ஒரு வருசம் பாயில் கிடந்து எழும்பினான். எழும்பினபோது கால் நேராகவில்லை. கடலுக்குப் போகிற சீவியம் அதோடு முடிந்தது. தொழிலுக்குப் போகாத ஆம்பிளை எங்கள் கரையில் என்ன செய்வான்? சும்மா இருக்கமாட்டாமல் வேலியில் நின்ற முள்முருக்கில் ஒரு துண்டை வெட்டி மீனாகச் சீவினான். அதில் தூண்டில் மாட்டி, பெரிய மீனுக்கு இரை மாதிரித் தகப்பனின் வள்ளத்தில் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். ஒரு பாகம், ஓர் ஆள் நீளத்தில் அறக்குளா மீன் ஏறியது. அன்றிலிருந்து அவன் கை ஓயவில்லை.

வேலை அவ்வளவு லேசானது என்று நினைக்கவேண்டாம். முருக்குக் கட்டையை ஆறு மாதம் அடுப்புக்கு மேலே பறணில் காயவிடுவான். காய்ந்த பிறகு சீவி, திருக்கைத் தோலால் தேய்த்து, வயிற்றில் காய்ச்சின கம்பியால் துளை போட்டு ஈயம் ஊற்றுவான். கிணற்றடித் தொட்டியில் விட்டுப் பார்ப்பான். மீன் நிமிர்ந்து நிற்கவேண்டும். சரிந்தால் அது செத்த மீன், செத்த மீனை அறக்குளா திரும்பியும் பாராது என்பான். தேயிலைப் பெட்டி ஈயத்தாளைச் செதிலாக ஒட்டி, முதுகுக்குப் பச்சையும் நீலமும் பூசி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே தடவுவான். கடைசியாகத்தான் கண். கண்ணுக்குக் குன்றிமணி. கண் வைக்கிற அன்று முழுகி, ஒருவரோடும் கதைக்காமல் வைப்பான்.

வயிற்றில் ஒரு குறி கீறுவான். சிவப்பு மையில் கோடும் புள்ளியும். ஒரு வள்ளத்துக்கு ஒரு குறி, இன்னொரு வள்ளத்துக்கு அது கிடையாது. அறக்குளா கீழேயிருந்துதான் மேலே பார்க்கும், வயிற்றுக் குறியைத்தான் முதலில் காணும், ஒரு குறியின் ராசி இன்னொருவனுக்குப் போனால் முதல் ஆளுடைய ராசி குறையும் என்று எங்கள் ஆட்களின் நம்பிக்கை. கரை வைரவருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, குறி மாற்றமாட்டேன் என்று ஏரம்பு சத்தியம் செய்திருந்தான்.

அந்தக் குறிக்கு வேறொரு பலனும் இருந்தது. அதை ஒருவரும் முன்கூட்டி நினைத்துப் பார்க்கவில்லை.

ஐம்பத்தாறாம் ஆண்டு, சனமெல்லாம் சிங்களச் சட்டத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்த காலம், ஏரம்புவின் மனைவி ஞானாம்பிகைக்கு ஏழு மாதம். அவளுடைய தமையன் பொன்னம்பலம் கடலுக்குப் போய் நாலு நாளாக வரவில்லை. ஐந்தாம் நாள் யாரோ ஒரு மர மீனைக் கரையில் எடுத்துக்கொண்டு வந்து ஏரம்புவிடம் நீட்டினார்கள். அவன் முற்றத்தில் இருந்து மரம் சீவிக்கொண்டிருந்தான். வாங்கித் திருப்பிப் பார்த்தான். யோசிக்கவில்லை.

"இது மச்சானின்ரை," என்றான்.

ஞானாம்பிகை பின்னால் சுளகோடு நின்றாள். அவள் அழவில்லை. சுளகை மெல்லக் கீழே வைத்தாள், அரிசி ஒன்றுகூடச் சிந்தவில்லை. பொழுது சாய முன்னம் நோக் கண்டது. பிள்ளை குறைமாதத்தில் பிறந்தது, பிழைத்தது. தாய் மூன்றாம் நாள் போய்விட்டாள். அந்தப் பிள்ளைதான் இராசமலர்.

ஞானாம்பிகையின் காடாத்துச் சடங்கு முடிந்து வந்து இருந்தபோது ஏரம்பு என்னிடம் சொன்னான், "அக்கா, என்ரை வாய்தான் அவளைக் கொண்டுபோனது."

"விசர்க்கதை கதையாதை. நீ சொல்லாட்டிலும் அவளுக்குத் தெரியத்தானே வரும்."

"ஒரு மாதம் கழிச்சுத் தெரிஞ்சிருக்கும். ரெண்டு மாதம் கழிச்சு. பிள்ளை பிறந்தாப் பிறகு."

அவன் சொன்னது சரியென்றே எனக்கும் பட்டது.

அதன் பிறகு பத்தொன்பது வருசத்தில் ஐந்து மீன் கரைக்கு வந்தது. அதற்கொரு வழக்கமே உண்டாகிவிட்டது. கண்டெடுத்தவன் ஒருவருக்கும் சொல்லாமல் சால்வையில் சுற்றி நேரே ஏரம்புவிடம் கொண்டுவரவேண்டும். அவன் பார்த்து ஒரு தரம் பெயரைச் சொல்லுவான், இரண்டாம் தரம் சொல்லமாட்டான். பிறகு கடலில் முழுகிவிட்டு அன்று முழுதும் சாப்பிடாமல் இருப்பான். அவன் சொன்னால் அது முடிந்த முடிவு. அந்த வீட்டில் ஒப்பாரி தொடங்கும், தேடப்போன வள்ளங்கள் திரும்பிவிடும். ஐந்து தரமும் அவன் சொன்னது பிழைபோகவில்லை.

இராசமலர் தகப்பன் மடியில் வளர்ந்தவள். நடக்கத் தொடங்கின நாளிலிருந்து திருக்கைத் தோல் துண்டொன்று அவள் கையில் இருக்கும். மீன் தேய்க்கிற வேலை அவளுடையது. கண்ணை மூடிக்கொண்டு தடவி, இது போன மாதத்து மீன், இது இந்த மாதத்து மீன் என்று சொல்லுவாள். எழுபத்துநாலாம் ஆண்டு ஆனியில் அவளைச் சீவரத்தினத்துக்குக் கட்டிக்கொடுத்தோம். சீவரத்தினம் என் புருசனின் ஒன்றுவிட்ட தமக்கையின் மகன், கற்கோவளப் பக்கம். தாய் தகப்பன் இல்லை. நல்ல பிள்ளை, நல்ல வாய்க்காரன். ஒரு கட்டுமரம் வைத்துத் தனியே போய் வருவான். ஆனால் கைராசி இல்லை. ஏரம்பு அவனுக்கென்று புதுக் குறி போட்டு மீன் செய்து கொடுத்தான். அதில் ஒன்றும் ஏறவில்லை.

கரையில் பகிடி பண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

"சீவரத்தினம், மாமன்ரை வீடு முழுக்க மீன், உன்ரை பறியிலைதான் ஒண்டையும் காணேல்லை."

"மாமன்ரை மீனுக்கு என்னோடை சம்பந்தி முறை," என்பான் அவன். "மரியாதைக்குத் தூர நிக்குதுகள்."

எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். வீட்டுக்குப் போனபிறகு சிரிப்பதில்லை என்று இராசமலர் சொன்னாள்.

அந்த நேரம் எங்கள் கரையில் நல்லாய் மீன்பட்ட வள்ளம் நாகலிங்கத்துடையது. நாகலிங்கமும் தம்பி தியாகராசாவும் சேர்ந்து தொழில் செய்தார்கள். நாகலிங்கத்தின் மனைவி செல்வநாயகி என் தாயின் சிறியதாய் வழியில் எனக்குத் தங்கை முறை. அவர்களுடைய வளவு ஏரம்புவின் வளவுக்கு மேற்கே, நடுவே வேலியில் ஒரு கண்டாயம், அதால் புகுந்து வருவார்கள் போவார்கள். நாகலிங்கத்தின் மீனுக்குக் குறி மூன்று கோடு, ஒரு புள்ளி.

எழுபத்தைந்தாம் ஆண்டு ஆவணியில் ஒரு நாள் காலமை நான் அங்கே போயிருந்தபோது தகப்பனும் மகளும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். இராசமலருக்கு அப்போது ஐந்து மாதம்.

"அப்பா, நாகலிங்கம் அம்மானுக்குச் செய்த மாதிரி இவருக்கும் ஒண்டு செய்து தாங்கோவன்."

"உன்ரை மனுசனுக்குச் செய்து குடுத்தனான்தானே."

"அது வாய்க்கேல்லை."

"வாய்க்காதது மீனோ ஆளோ?"

"ரெண்டும் உங்கடைதானே அப்பா. நீங்கள்தானே பாத்து எடுத்தனீங்கள்."

ஏரம்புவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டினான். "குறி மாத்த ஏலாது பிள்ளை. வைரவருக்கு முன்னாலை சொன்னது."

"ஆர் மீனின்ரை வயித்தைத் தூக்கிப் பாக்கப் போகினம்? இவர் தனியப் போறவர், தனிய வாறவர். பிள்ளை பிறக்கேக்கை வீட்டிலை ஒண்டும் இராது அப்பா."

மூன்று நாள் அவன் மறுத்தான். நாலாம் நாள் பறணில் ஏறி மரம் எடுக்கப் பார்த்தான். கட்டையெல்லாம் செல் அரித்துப்போய்க் கிடந்தது. தொட்டதும் மாவாய் உதிர்ந்தது. ஒரு கட்டைகூட மிஞ்சவில்லை.

"அப்ப இது வேண்டாம் எண்டுதான் கிடக்கு," என்றான்.

இராசமலர் முற்றத்து வடகிழக்கு மூலையைக் காட்டினாள். அங்கே அவளுடைய கலியாணக் கன்னிக்கால் நின்றது. கலியாணத்துக்கு முன்னம் நல்ல நாள் பார்த்து முள்முருக்குத் தடி ஒன்றை நட்டுத்தானே பந்தல் போடுகிறோம். அது துளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்பார்கள். இவளுடையது துளிர்த்து, கொப்பு விட்டு, மணிக்கட்டுத் தடிப்பில் நின்றது.

"எங்கடை மரம். எங்களுக்கு ராசியாய்த்தான் இருக்கும்," என்றாள்.

நான் படலையால் வரும்போது ஏரம்பு கத்தியோடு நிற்கிறான்.

"என்ன தம்பி, கன்னிக்காலிலையோ கத்தி வைச்சாய்?"

"கொப்புத்தான் அக்கா. அடிமரம் நிக்குது."

"கொப்பெண்டாலும் அதுதானே."

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்டின இடத்தில் பால் மாதிரி ஈரம் கசிந்தது. பச்சை மரம், பறணில் ஆறு மாதம் கிடக்கவேண்டியதை மூன்று கிழமை புகையில் போட்டு எடுத்தான். இராசமலர்தான் வயிற்றுப் பிள்ளையோடு இருந்து தேய்த்தாள். தொட்டியில் விட்டபோது மற்ற மீன்களைவிட ஒரு விரற்கிடை ஆழமாக நின்றது. அவன் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூன்று கோடும் ஒரு புள்ளியும் கீறி, கண் வைத்துக் கொடுத்துவிட்டான். என்ன குறி கீறினான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

"நாகலிங்கத்தின்ரை கண்ணிலை காட்டிப்போடாதை," என்று மட்டும் மருமகனிடம் சொன்னான்.

முதல் நாளே மூன்று அறக்குளா. இரண்டாம் நாள் ஒரு பாரையும் இரண்டு அறக்குளாவும். சீவரத்தினம் ஒரு பெரிய மீனைத் தோளில் போட்டுக்கொண்டு என் படலையில் வந்து நின்றான்.

"மாமி, தலை மாமாவுக்கு, நடு முறி உங்கடை மருமோளுக்கு, வால் உங்களுக்கு."

"எனக்கு ஏன்ரா வால்?"

"முறைகளை வால் பிடிச்சுப் பிடிச்சுச் சொல்லுறது நீங்கள்தானே."

அந்த இரண்டு மாதமும் அவர்கள் வீட்டில் சிரிப்புக் கேட்டது. ஆனால் கன்னிக்கால் இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகிக்கொண்டு வந்தது. புரட்டாசியில் சீவரத்தினம் மீனைக் கொண்டுவந்து காட்டினான். பச்சை மரம் கடற்காற்றில் காய்ந்து, வயிற்றில் புள்ளிக்குப் பக்கத்தில் தொடங்கி வால் வரைக்கும் மயிரளவு வெடிப்பு ஓடியிருந்தது. ஏரம்பு அதற்குள் குங்கிலியம் அடைத்துக் கொடுத்தான். ஆறின காயம் மாதிரி ஒரு கோடு தெரிந்தது.

ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை விடியப் போனார்கள். நாகலிங்கமும் தியாகராசாவும் வள்ளத்தில் மேற்கு வெளிக்கு. சீவரத்தினம் கட்டுமரத்தில் கிழக்கே. போனதைக் கரையில் நின்ற பலர் கண்டார்கள். பத்து மணிபோலக் காற்று நின்றது. இலை அசையவில்லை. கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. காகங்கள் கரையை விட்டு ஊருக்குள் பறந்தன. பிறகு வாடைக்காற்று ஒரேயடியாக விழுந்தது. கட்டி வைத்த வள்ளங்களே கயிறறுத்துக்கொண்டு ஓடின. சனிக்கிழமை முழுதும் ஒருவராலும் கடலில் கால் வைக்க முடியவில்லை.

ஞாயிறு காலமை கடல் அடங்கியது. ஆழ்வாப்பிள்ளை என்பவர் எங்கள் கரையில் முதலில் மெசின் வள்ளம் வாங்கினவர், அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். நாலு மெசின் வள்ளம் ஆயத்தமாகியது. இரண்டு மேற்கே நாகலிங்கத்தைத் தேட, இரண்டு கிழக்கே சீவரத்தினத்தைத் தேட. அப்படித்தான் தீர்மானம். இரண்டு வீட்டுப் பெண்களும் ஏரம்புவின் முற்றத்தில் நின்றோம், அது கரைக்குக் கிட்டின வளவு என்றபடியால்.

அந்த நேரம் சந்தியோகு வந்தான். எங்களுக்குக் கிழக்கே, மணற்காட்டு வேதக்கார மனுசன், வலை வளைக்கிறவன். தோளில் சால்வையில்லை. சால்வை கையில் ஒரு பொட்டலமாக இருந்தது. அதைக் கண்டதும் அத்தனை பேரும் விலகி வழி விட்டோம்.

"காலமை எங்கடை கரையிலை கிடந்தது," என்று சொல்லி ஏரம்புவின் கையில் கொடுத்தான்.

ஏரம்பு சால்வையை விலக்கினான். மூன்று கோடு, ஒரு புள்ளி. நான் நின்ற இடத்திலிருந்தே குறி தெரிந்தது. செல்வநாயகி என் இடது பக்கத்தில், இராசமலர் வலது பக்கத்தில். ஏரம்பு மீனைக் கையில் வைத்தபடி இருந்தான். ஒரு தரம் தூக்கி நிறை பார்த்தான். பெருவிரலால் வயிற்றைத் தடவினான். பிறகு தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தான். மகளுக்கு ஏழு மாதம். தாய் நின்ற அதே இடத்தில் நின்றாள். அவளுடைய தலை ஆடியது. மயக்கம் வருகிறதாக்கும் என்று நான் தோளைப் பிடித்தேன்.

"நாகலிங்கத்தின்ரை," என்றான் ஏரம்பு.

செல்வநாயகி கத்துவாள் என்று நினைத்தோம். அவள் கத்தவில்லை. நேரே போய் அவன் முன்னால் நின்றாள்.

"அண்ணை, அவையள் மேற்கை போனவை. இது மணற்காட்டிலை எப்பிடி வந்தது?"

ஆழ்வாப்பிள்ளைதான் சொன்னார், "நீரோட்டம் பிள்ளை. உந்தக் காத்துக்குக் கிழக்கென்ன மேற்கென்ன."

"அண்ணை, வடிவாப் பாருங்கோ."

"பாத்தனான்."

"இன்னொருக்காப் பாருங்கோ."

இரண்டாம் தரம் சொல்லாதவன் அன்று இரண்டாம் தரம் சொன்னான். "அவன்ரைதான் தங்கச்சி."

அவ்வளவுதான். ஆழ்வாப்பிள்ளை கையைக் காட்ட, மேற்கே போகவிருந்த இரண்டு வள்ளமும் கிழக்கே திரும்பின. உயிரோடு இருக்கக்கூடியவனைத் தேடவேண்டும் என்பதுதான் கணக்கு. செல்வநாயகி கரைவழியே அந்த வள்ளங்களுக்குப் பின்னால் ஓடினாள். "ஒண்டாவது மேற்கை போங்கோ, ஒண்டாவது," என்று கேட்டாள். மெசின் சத்தத்தில் அது கேட்டிராது. திரும்பி வந்தவளிடம் பெண்கள் தாலியைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்க, "ஆள் வரட்டும், இல்லை உடம்பு வரட்டும். மரத்துக்கெல்லாம் கழட்டேலாது," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏரம்பு அன்று கடலில் முழுகவில்லை. நான் கவனித்தேன், ஆனால் அதை என்னவென்று எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று நாள் நாலு வள்ளமும் கிழக்கைச் சல்லடை போட்டன. செவ்வாய்க்கிழமை பொழுதுபடச் சீவரத்தினத்தின் கட்டுமரத்துக் கட்டை ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். வேறொன்றும் இல்லை. இராசமலருக்குச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு இருந்தாள். ஏரம்பு வாசலில் இருந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், விழுவாள் விழுவாள் என்று. அவள் விழவில்லை. நோவும் காணவில்லை.

இருபதாம் நாள் நாகலிங்கம் நடந்து வந்தான்.

பாய்மரம் முறிந்து, வள்ளம் நீரோட்டம் இழுத்த பக்கம் போய், எட்டாம் நாள் வேதாரணியத்துக்கு வெளியே வலைக்காரர் கண்டு ஏற்றியிருக்கிறார்கள். அங்கே கிடந்து தெளிந்து, பிறகு தோணியில் வந்த வத்தைக்காரர் கொண்டுவந்து விட்டார்கள். அவன் மட்டும்தான் வந்தான். தியாகராசா வரவில்லை. செல்வநாயகி அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி எங்கை?" என்று கேட்டாள். அவன் நடந்ததெல்லாவற்றையும் அவள் வாயால் கேட்டான். கேட்டுவிட்டுக் கண்டாயத்தால் இந்தப் பக்கம் வந்தான்.

நான் அங்கேதான் இருந்தேன். ஆள் பாதியாகியிருந்தான், சொண்டு வெடித்துக் காய்ந்திருந்தது. மடியிலிருந்து ஒரு மர மீனை எடுத்து ஏரம்புவின் முன்னால் வைத்தான். மூன்று கோடு, ஒரு புள்ளி.

"ஏரம்பண்ணை, என்ரை மீன் இது. கடைசி வரைக்கும் கயித்திலைதான் கிடந்தது. மணற்காட்டிலை வந்தது ஆரின்ரை?"

ஏரம்பு அதைக் கையில் எடுக்கவில்லை. நான் கன்னிக்காலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். அது பட்டுப்போய் நின்றது.

"எப்ப வந்தது அது?"

"ஞாயிறு காலமை," என்றான் ஏரம்பு.

"தியாகு செவ்வாய் மத்தியானம் வரைக்கும் உயிரோடை கிடந்தவன். மெசின் சத்தம் கேக்குதோ அண்ணை, கேக்குதோ அண்ணை எண்டு கேட்டுக்கொண்டே கிடந்தான். நானும் ஓமடா, வருகுதடா எண்டு சொன்னனான். ஒவ்வொரு தரமும் சொன்னனான்."

"நாகலிங்கம்..."

"எனக்குச் சொல்லவேண்டாம். கரைக்கு வந்து சொல்லு."

ஏரம்பு எழுந்தான். பெட்டியைத் திறந்து சந்தியோகு கொண்டுவந்த மீனையும் எடுத்துக்கொண்டான். கரையில் அந்த நேரம் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த அத்தனை பேரும் வந்து கூடினார்கள். அவன் இரண்டு மீனையும் மணலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். கன்னிக்காலில் வெட்டினது, களவாகக் குறி கீறினது, வெடிப்பு, எல்லாவற்றையும் சொன்னான்.

"கையிலை எடுத்த உடனை எனக்குத் தெரியும் இது மருமோன்ரை எண்டு. மோளுக்கும் தாய்க்கு வந்த மாதிரி வந்திடும் எண்டு பயந்து வாய் மாறிச் சொன்னனான். பிறகு திருத்திச் சொல்லுவம் எண்டு இருந்தன், சொல்லேல்லை. அவளுக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்."

ஒருவரும் அவனில் கை வைக்கவில்லை. ஆழ்வாப்பிள்ளை சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதலாவதாகத் திரும்பி நடந்தார். மற்றவர்களும் நடந்தார்கள். அன்று பின்னேரத்துக்குள் ஒவ்வொரு வள்ளத்திலிருந்தும் ஏரம்புவின் மீனை அறுத்தெடுத்து அவன் படலையடியில் போட்டுவிட்டுப் போனார்கள். நாற்பது ஐம்பது மீன், அத்தனையும் கண் திறந்தபடி.

கரையில் கூட்டம் கலைகிறபோது இராசமலர் பின்னால் வந்து நிற்பதைச் செல்வநாயகி கண்டாள். கொழுந்தனைப் பறிகொடுத்தவள் அவள். கிட்டப் போய் இவளுடைய தலையில் சீலைத் தலைப்பை இழுத்துப் போட்டாள்.

"நீ வீட்டை போ பிள்ளை. காத்துப் படக்கூடாது," என்றாள்.

மார்கழியில் இராசமலருக்கு ஆண் பிள்ளை பிறந்தது. செல்வநாயகிதான் பக்கத்தில் நின்று பார்த்தாள். அதன் பிறகும் அவளுக்குப் பத்தியக் கறி வைத்துக் கொடுத்தது, பிள்ளையை முழுகவார்த்தது எல்லாம் செல்வநாயகிதான். ஏரம்புவோடு ஒரு சொல் கதைக்கமாட்டாள். அவன் முற்றத்தில் இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவாள். "தேப்பன் செய்ததுக்கு அவள் என்ன செய்வாள்? எனக்குக் கொழுந்தன் போனான், அவளுக்குப் புருசன் போனான்," என்று என்னிடமே பல தரம் சொன்னாள்.

ஏரம்பு அதற்குப் பிறகு மீன் செய்யவில்லை. காற்று விழுகிற நாள்களில் கரைக்குப் போய் மேற்கைப் பார்த்துக்கொண்டு இருப்பான். பெண்கள் வேறு ஒழுங்கையால் சுற்றிப் போவார்கள். ஏழு வருசம் அப்படி இருந்தான். எண்பத்துமூன்றாம் ஆண்டு மாசியில் செத்தான். செத்த வீட்டுக்கு ஆள் குறைவு. நாகலிங்கம் வந்து படலைக்கு வெளியே நின்றான், உள்ளே வரவில்லை, ஆனால் பாடை சுடலைக்குப் போகும்வரைக்கும் நின்றான்.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிச் சடங்கு முடித்து வந்து, நானும் இராசமலரும் முற்றத்தில் இருந்தோம். பின்னேர வெயில். கன்னிக்கால் நின்ற இடத்தில் ஒரு குழிதான் இருந்தது. அவள் மடியில் அந்தத் திருக்கைத் தோல் துண்டை வைத்துச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, அண்டைக்கு நீங்கள் என்ரை தோளைப் பிடிச்சனீங்கள், ஞாபகம் இருக்கோ?"

"மயக்கம் வந்ததெல்லோ."

"மயக்கம் வரேல்லை."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நான் தேய்ச்ச மீன் மாமி. சால்வையை விலக்கின உடனையே எனக்குத் தெரியும். கயிறுதான் அறுந்திருக்கும், ஆள் எங்கையோ கட்டையைப் பிடிச்சுக்கொண்டு கிடப்பார் எண்டு நினைச்சன். அவர் செத்தவர் எண்டு சொன்னால் ஒருத்தரும் கிழக்கை போகமாட்டினம். அப்பா நிமிர்ந்து என்னைப் பாத்தார், சொல்லட்டோ எண்டு கேக்கிற மாதிரி. நான் வேண்டாம் எண்டு தலையாட்டினனான்."

அந்தத் தலை ஆடினதைக் கண்டுதான் நான் தோளைப் பிடித்தேன்.

"நாலு வள்ளமும் கிழக்கை போகேக்கை எனக்குச் சந்தோசமாயிருந்தது மாமி. செல்வநாயகி மாமி பின்னாலை ஓடினா. நான் பாத்துக்கொண்டு நிண்டனான். அப்பா கரையிலை நிண்டு, எனக்கு மட்டும்தான் தெரியும் எண்டு சொல்லேக்கையும் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். ஏழு வருசம் அந்த மனுசி கையாலை வாங்கிச் சாப்பிட்டனான்."

"அவன் உனக்காகத்தான் சொன்னது. அவனோடையே போகட்டும்," என்றேன். அதுதான் என் வாயில் வந்தது. சரியோ பிழையோ தெரியாது.

அந்த நேரம் கண்டாயத்தில் கடகம் உரசுகிற சத்தம் கேட்டது. செல்வநாயகி குனிந்து இந்தப் பக்கம் வந்தாள். அந்தியேட்டி வீட்டில் அடுப்பு மூட்டியிருக்கமாட்டார்கள் என்று சோறும் கறியும் கொண்டு வந்தாள். ஏரம்பு இருந்த காலத்தில் முற்றத்தில் கால் தரியாதவள், அன்று முற்றத்து நடுவிலேயே கடகத்தை இறக்கினாள்.

"பெடியன் எங்கை? பள்ளிக்கூடத்தாலை வந்திட்டானோ? சூடு ஆற முந்திக் கூப்பிடு," என்றாள்.

இராசமலர் எழுந்தாள். நான் அவள் தோளைப் பிடித்தேன், அன்று பிடித்த அதே தோள். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். முற்றத்தைக் கடந்து போய்க் கடகத்துக்குப் பக்கத்தில் வெறும் நிலத்தில் இருந்தாள்.

"மாமி, இதிலை கொஞ்சம் இருங்கோ," என்றாள் செல்வநாயகியிடம். "தியாகு அம்மானைப் பற்றிக் கதைக்கவேணும்."